படைகளை வெளியேறச் சொன்ன டிகால்: பிரான்சுக்கு லாபமா, நஷ்டமா?

1966-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந்தேதி. பிரெஞ்சு ஜனாதிபதி டிகால், தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அது அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனுக்கு எழுதிய கடிதம்.

மரியாதையான நடையில் எழுதப்பட்ட கடிதம்தான். ஆனால் அதில் இருந்த செய்தி, பல நாட்டுத் தலைநகரங்களை உலுக்கிவிட்டது.

பிரெஞ்சு மண்ணில் அந்நியப் படைகள் தங்கியிருப்பதால் தன் நாட்டின் உரிமை குறைபட்டிருக்கிறது. அந்த உரிமையைப் பிரான்சு முழுமையாகத் திரும்பப் பெறப் போகிறது. கூட்டுப் படைத் தலைமையில் இனிப் பங்கு கொள்ளாது. இதுதான் கடிதத்தின் சாரம்.

சில வாரங்களில் கெடுவும் விதிக்கப்பட்டது. 1967 ஏப்ரல் 1-ந்தேதிக்குள் அமெரிக்கப் படையும், மற்ற நேச நாடுகளின் படைகளும், அவற்றின் தலைமை அலுவலகங்களும் பிரான்சை விட்டு வெளியேறிவிட வேண்டும்!

இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்கச் சிப்பாய்கள் கடல் கடந்து வந்து, ரத்தம் சிந்தி, ஹிட்லரின் பிடியிலிருந்து பிரான்சை மீட்க உதவினார்கள். அந்தப் படையை "போய் வாருங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

டிகால் செய்தது சரியா? அதனால் பிரான்சு அடைந்த லாபம் என்ன? கொடுத்த விலை என்ன? இந்தக் கணக்கு இன்றுவரை பேசப்படுகிறது.

கூட்டுக் குடும்பம்

இரண்டாவது உலக யுத்தம் 1945-ல் முடிந்தது. ஐரோப்பாவின் கிழக்குப் பாதியில் ரஷியப் படை நின்றது. மேற்குப் பாதி நாடுகள் யுத்தத்தால் நொறுங்கிக் கிடந்தன. "ரஷியா மேலும் முன்னேறினால் யார் தடுப்பது?" என்ற பயம் அந்த நாடுகளைப் பிடித்துக்கொண்டது.

1949 ஏப்ரல் 4-ந்தேதி, வாஷிங்டன் நகரில் 12 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, கனடா முதலிய நாடுகள் அதில் அடக்கம். "ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்வோம்" என்பது அதன் முக்கியமான ஷரத்து. இதுதான் வட அட்லாண்டிக் ஒப்பந்தம். அதை நிறைவேற்ற அமைந்த ஸ்தாபனமே "நேட்டோ".

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால்தான் டிகால் செய்தது விளங்கும்.

முதல் பகுதி, ஒப்பந்தம். ஆபத்து வந்தால் உதவுவோம் என்ற வாக்குறுதி அது.

இரண்டாவது பகுதி, கூட்டுப் படைத் தலைமை. சமாதான காலத்திலேயே எல்லா நாட்டுப் படைகளுக்கும் ஒரே திட்டம் போட்டு வைப்பார்கள். யுத்தம் வந்தால் ஒரே தளபதியின் கீழ் அவை போர் செய்யும். ஐரோப்பாவில் அந்தத் தளபதிப் பதவி எப்போதும் அமெரிக்கருக்கே போயிற்று.

கூட்டுக் குடும்பத்தைப் போலத்தான். உறவு என்பது ஒன்று. ஒரே அடுப்பில் சமைத்து, ஒருவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து வைப்பது வேறொன்று.

நேட்டோவின் வீடு பிரான்சில் இருந்தது. தலைமை அலுவலகம் பாரீஸ் நகரில். படைத் தலைமையகம் பாரீசுக்குப் பக்கத்தில் ரொக்கன்கூர் என்ற ஊரில். பிரான்சு எங்கும் சுமார் 30 அமெரிக்கத் தளங்கள். வீட்டுக்காரரே "பொதுச் சமையல் வேண்டாம்" என்று சொன்னதால்தான் அத்தனை பரபரப்பு.

டிகால் யார்?

1940-ல் ஹிட்லரின் படையிடம் பிரான்சு தோற்றது. வயதான தலைவர்கள் சரண் அடைந்தார்கள். டிகால் என்ற தளபதி மட்டும் லண்டனுக்குப் போய், ஜூன் 18-ந்தேதி ரேடியோவில் பேசினார். "யுத்தம் முடியவில்லை. என்னோடு சேருங்கள்" என்று அழைத்தார்.

அவரிடம் அப்போது நாடு இல்லை. பெரிய படை இல்லை. ஆயினும் உலகின் பல மூலைகளில் இருந்த பிரெஞ்சுப் பகுதிகள் அவர் பக்கம் சேர்ந்தன. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அப்படிச் சேர்ந்த இடங்களில் புதுச்சேரியும் ஒன்று!

யுத்தம் முடியும் தறுவாயில், 1945 பிப்ரவரியில், யால்டா நகரில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷியா ஆகிய மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடினார்கள். ஐரோப்பாவின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். டிகாலுக்கு அழைப்பு இல்லை. அந்த அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

பிறகு பிரான்சின் சாம்ராஜ்யமும் கை நழுவியது. 1954-ல் இந்தோ-சீனா போயிற்று. அதே ஆண்டு நவம்பர் 1-ந்தேதி புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962-ல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. "பிரான்சு இனி பெரிய நாடா, இல்லையா?" என்ற கேள்வி பிரெஞ்சு மக்களை வாட்டியது. 1958-ல் மீண்டும் பதவிக்கு வந்த டிகால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் துடித்தார்.

உறவு ஏன் கசந்தது?

1956-ல் சூயஸ் கால்வாயை எகிப்து தேசிய உடைமையாக்கியது. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலுடன் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. அமெரிக்கா அதை ஆதரிக்கவில்லை. பண நெருக்கடியைக் காட்டி பிரிட்டனைப் பணிய வைத்தது. இரு நாடுகளும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பின.

அந்த ஒரே அடியிலிருந்து இரண்டு நாடுகளும் வெவ்வேறு பாடம் படித்தன. "இனி அமெரிக்காவை விட்டு விலகக் கூடாது" என்று பிரிட்டன் எண்ணியது. "இனி அமெரிக்காவை நம்பி இருக்கக் கூடாது" என்று பிரான்சு எண்ணியது.

1958 செப்டம்பரில் டிகால், அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் பிரிட்டிஷ் பிரதம மந்திரி மாக்மில்லனுக்கும் ஒரு யோசனை எழுதி அனுப்பினார். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகிய மூன்றும் சமமாக உட்கார்ந்து உலக விவகாரங்களை முடிவு செய்ய வேண்டும் என்பதே அந்த யோசனை. அது ஏற்கப்படவில்லை.

டிகாலின் மனதை அரித்த கேள்வி வேறொன்று. 1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பாரீஸ் வந்தபோது, அதை அவர் நேரிலேயே கேட்டார். "பாரீசைக் காப்பாற்ற நியூயார்க்கை இழக்க நீங்கள் தயாரா?" என்பதே அந்தக் கேள்வி.

ரஷியாவிடமும் அணுகுண்டு வந்துவிட்டது. அமெரிக்க நகரங்களைத் தாக்கும் ராக்கெட்டுகளும் வந்துவிட்டன. பாரீசுக்காக அமெரிக்கா போரில் இறங்கினால் நியூயார்க் அழியலாம். எந்தத் தலைவர் அதற்குத் துணிவார்? துணிவோம் என்று கென்னடி உறுதி கூறினார். டிகால் நம்பவில்லை.

1962-ல் கியூபா நெருக்கடி வந்தது. உலகமே அழியுமோ என்று எல்லோரும் நடுங்கிய நாட்கள். அமெரிக்கத் தூதர் அச்சிசன் பாரீசுக்கு ஓடி வந்து நிலைமையை விளக்கினார். "என் யோசனையைக் கேட்க வந்தீர்களா? அல்லது முடிவைத் தெரிவிக்க வந்தீர்களா?" என்று டிகால் கேட்டார். "தெரிவிக்க" என்பதுதான் பதில். டிகால் அப்போது அமெரிக்காவை முழுமையாக ஆதரித்தார். ஆனால் அந்தப் பதிலை மனதில் குறித்துக்கொண்டார்.

சொந்த அணுகுண்டு

டிகால் அவசரப்படவில்லை. படிப்படியாக விலகினார்.

1959-ல் மத்தியதரைக் கடலில் இருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைக் கூட்டுத் தலைமையிலிருந்து எடுத்தார். 1963-ல் அட்லாண்டிக் கடலில் இருந்த கப்பற்படையையும் எடுத்தார்.

இடையில், 1960 பிப்ரவரி 13-ந்தேதி, சகாரா பாலைவனத்தில் ரெகான் என்ற இடத்தில் பிரான்சு தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1964-ல் அதைச் சுமந்து செல்லும் மிராஜ் விமானங்கள் பணிக்கு வந்தன.

கையில் சொந்த ஆயுதம் வந்தது. 1966-ல் கடிதம் போயிற்று.

ஜான்சனின் பொறுமை

அமெரிக்க அதிகாரிகள் கொதித்தார்கள். ஆனால் ஜான்சன் பதிலுக்குப் பதில் பேச வேண்டாம் என்று அவர்களை அடக்கினார். வீட்டுக்காரர் போகச் சொன்னால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் மரியாதை என்பது அவருடைய போக்கு.

ஆயினும் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்பட்டதாகச் சொல்வார்கள். அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ரஸ்க், டிகாலைச் சந்தித்தபோது, "உங்கள் உத்தரவு பிரெஞ்சு மண்ணில் புதைக்கப்பட்டிருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் சேர்த்துத்தானா?" என்று கேட்டாராம். டிகால் பதில் சொல்லவில்லையாம்.

நார்மண்டி கடற்கரையில் கொல்வீல் என்ற ஊரில் மட்டும் 9,300-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன.

பிரான்சிலும் எதிர்ப்பு இருந்தது. பார்லிமெண்டில் எதிர்க்கட்சிகள் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தன. அது தோற்றது. அன்று டிகாலை எதிர்த்தவர்களில் ஒருவர் மித்தரான். அவரே 1981-ல் ஜனாதிபதி ஆனார். 14 ஆண்டுகள் பதவியில் இருந்தார். பிரான்சை அவர் மீண்டும் கூட்டுத் தலைமையில் சேர்க்கவில்லை!

மூட்டை கட்டிய படை

ஓர் ஆண்டுக் கெடு. அதற்குள் சிப்பாய்களும் அவர்களுடைய குடும்பங்களும், பல லட்சம் டன் தளவாடங்களும் இடம் மாற வேண்டும். லாரிகளும் ரெயில்களும் ஓயாமல் ஓடின.

படைத் தலைமையகம் பெல்ஜியத்துக்குப் போயிற்று. மோன்ஸ் நகருக்குப் பக்கத்தில் கஸ்தோ என்ற ஊர். பெல்ஜிய ராணுவம் பயிற்சிக்கு வைத்திருந்த வெட்டவெளி அது. அங்கே சில மாதங்களில் கட்டிடங்கள் எழுந்தன. 1967 மார்ச் 31-ந்தேதி, கெடு முடிவதற்கு ஒரே நாள் முன்பு, புதிய தலைமையகம் திறக்கப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் நேட்டோவின் தலைமை அலுவலகம் பிரசெல்ஸ் நகருக்கு மாறியது. கனடா நாட்டு விமானப்படையும் பிரான்சை விட்டு மேற்கு ஜெர்மனிக்குப் போயிற்று.

செலவுக் கணக்கு

பிரான்சு கொடுத்த விலையை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதல் அடி சின்ன ஊர்களுக்கு விழுந்தது.

நடுப் பிரான்சில் ஷாட்டோரு என்று ஓர் ஊர். 1951 முதல் அங்கே பெரிய அமெரிக்க விமானத்தளம் இருந்தது. உள்ளூர் மக்கள் பலர் அங்கே வேலை செய்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்களின் சம்பளம் அந்த ஊர்க் கடைகளில் புழங்கியது. 1967-ல் தளம் மூடப்பட்டது. தலைநகரில் சுதந்திரக் கொடி உயர்ந்தது. ஷாட்டோருவில் வேலை போயிற்று.

இரண்டாவது, பணம். பிறர் பாதுகாப்பு வேண்டாம் என்றால் சொந்தப் பாதுகாப்பு வேண்டும். குண்டு, விமானம், ராக்கெட், நீர்மூழ்கிக் கப்பல் எல்லாவற்றையும் பிரான்சு தானே செய்தது. முதல் அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல் 1967-ல் கடலில் இறக்கப்பட்டு, 1971-ல் பணியில் சேர்ந்தது. ராணுவப் பணத்தில் பெரும் பகுதியை அணு ஆயுதம் விழுங்கியது. சாதாரணப் படைகளுக்கு டாங்கிகளும் தளவாடங்களும் தாமதமாகத்தான் கிடைத்தன.

மூன்றாவது விலையை பிரெஞ்சு நகரங்கள் கொடுக்கவில்லை. தொலைவில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். குண்டு செய்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் சகாராவில் சோதித்தார்கள். 1966 ஜூலை முதல் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியத் தீவுகளில் சோதித்தார்கள். 1996 வரை அங்கே மட்டும் 193 சோதனைகள் நடந்தன. கதிர்வீச்சினால் நோயுற்றோருக்கு நஷ்ட ஈடு தருவதற்கான சட்டம் 2010-ல்தான் வந்தது. அந்தத் தீவுக்காரர்களை யாரும் யோசனை கேட்கவில்லை. டிகாலைப் பிறர் யோசனை கேட்கவில்லை என்றுதான் சண்டையே தொடங்கியது!

நான்காவது, பேச்சுரிமை. நேட்டோ தன் யுத்தத் திட்டங்களைத் தீட்டும் மேஜையில் பிரான்சுக்கு நாற்காலி இல்லாமல் போயிற்று. பக்கத்து வீடு தீப்பிடித்தால் தன் வீட்டுக்கும் தீ வரும். அந்தத் தீயை எப்படி அணைப்பது என்று மற்றவர்கள் பேசும்போது, பிரான்சு வெளியே நின்றது.

ஐந்தாவது, அண்டை நாடுகளின் கஷ்டம். பிரான்சு பரந்த நாடு. யுத்தம் வந்தால் பின்வாங்கி நிற்கவும், துறைமுகங்களிலிருந்து தளவாடம் கொண்டு வரவும் அது வசதியான இடம். அந்த வசதி போயிற்று. ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் போன்ற துறைமுகங்களையே அதிகம் நம்ப வேண்டியிருந்தது. அந்த வழி எதிரியின் எல்லைக்கு மிகவும் அருகில் இருந்தது.

வரவுக் கணக்கு

லாபமும் இருந்தது. முதல் லாபம், மதிப்பு. 1966 ஜூனில் டிகால் ரஷியா போனார். அங்கே அவருக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. செப்டம்பரில் கம்போடியத் தலைநகரில், வியத்நாம் யுத்தத்தை நிறுத்தும்படி அமெரிக்காவுக்குப் பகிரங்கமாக யோசனை சொன்னார். இரு அணிகளுக்கும் நடுவில் பேசக்கூடிய நாடு என்ற பெயர் பிரான்சுக்கு வந்தது.

இரண்டாவது, சொந்தத் தொழில். விமானம், ராக்கெட், ஆயுதம் எல்லாம் உள்நாட்டிலேயே செய்யும் திறமை வளர்ந்தது. இந்தியாவே 1980-களில் மிராஜ்-2000 விமானங்களையும், பிறகு 2016-ம் ஆண்டு ஒப்பந்தப்படி 36 ரபேல் விமானங்களையும் பிரான்சிடம் வாங்கியது.

மூன்றாவது, உள்நாட்டு ஒற்றுமை. "நம் படை நம் கையில்" என்பதில் வலதுசாரி, இடதுசாரி எல்லோரும் மெல்ல மெல்ல ஒன்றாயினர். சாம்ராஜ்யத்தை இழந்த மனப்புண்ணுக்கு அது மருந்தாயிற்று.

ஆனால் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். "நேட்டோவில் இருந்தால் அமெரிக்காவின் யுத்தங்களில் மாட்டிக்கொள்வோம்" என்று டிகால் சொன்னார். பிரிட்டன் கூட்டுத் தலைமையிலேயே இருந்தது. ஆனாலும் வியத்நாமுக்கு அது படை அனுப்பவில்லை. 2003-ல் ஈராக் யுத்தத்தைப் பிரான்சு எதிர்த்தது. கூட்டுத் தலைமைக்குள்ளேயே இருந்த ஜெர்மனியும் எதிர்த்தது. உள்ளே இருந்துகொண்டே "முடியாது" என்று சொல்ல முடியும் என்பதற்கு இவை சாட்சி.

சாத்தப்படாத கொல்லைக் கதவு

இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. டிகால் வீட்டை விட்டே போய்விடவில்லை.

கூட்டுத் தலைமையிலிருந்து விலகினார். 1949-ம் ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து விலகவில்லை! அந்த ஒப்பந்தத்தின் 13-வது ஷரத்துப்படி, 20 ஆண்டுகள் கழிந்த பிறகு எந்த நாடும் ஓர் ஆண்டு நோட்டீஸ் கொடுத்து விலகலாம். 1969-ல் அந்தக் காலம் வந்தது. பிரான்சு நோட்டீஸ் கொடுக்கவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டில்தான், ரஷிய டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் புகுந்திருந்தன. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, கூரையை விட்டு வெளியே போக யாருக்குத்தான் மனம் வரும்?

மேற்கு ஜெர்மனியில் இருந்த பிரெஞ்சுப் படையும் அங்கேயே தங்கியது. 1967-ல் பிரெஞ்சுப் படைத் தலைவர் அய்யெரேயும், நேட்டோ தளபதி லெம்னிட்சரும் அதிகம் வெளியே தெரியாமல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யுத்தம் வந்தால் பிரெஞ்சுப் படை நேட்டோ படைகளுடன் எப்படிச் சேர்ந்து போரிடும் என்பதே அந்த ஏற்பாடு.

முன்வாசலில் "தனிக்குடித்தனம்" என்று பலகை. கொல்லைக் கதவோ திறந்தே இருந்தது!

பூகோளமும் பிரான்சுக்குக் கை கொடுத்தது. பிரான்சுக்கும் ரஷியப் படைக்கும் நடுவில் மேற்கு ஜெர்மனி இருந்தது. அங்கே லட்சக்கணக்கான அமெரிக்க வீரர்கள் காவல் இருந்தார்கள். அவர்களைத் தாண்டாமல் ரஷியா பிரான்சுக்கு வர முடியாது. ஆக, டிகால் நம்ப மறுத்த அமெரிக்கப் பாதுகாப்பு, அவர் வெளியேறிய பிறகும் அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. கூரையைத் தாங்கியவர்கள் மற்றவர்கள். மழைக்கு ஒதுங்கியவர்களில் பிரான்சும் ஒன்று.

ஹங்கேரியின் கதை

எல்லா நாட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ரஷியாவின் தலைமையில் 1955-ல் வார்சா ஒப்பந்தம் என்ற எதிர் அணி அமைந்தது. அதில் சேர்க்கப்பட்ட நாடுகளில் ஒன்று ஹங்கேரி. 1956 நவம்பர் 1-ந்தேதி, ஹங்கேரியின் பிரதம மந்திரி இம்ரே நாகி, "எங்கள் நாடு இந்த அணியை விட்டு விலகுகிறது" என்று அறிவித்தார்.

மூன்றே நாள். நவம்பர் 4-ந்தேதி அதிகாலையில் ரஷிய டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் நுழைந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1958 ஜூனில் நாகி தூக்கிலிடப்பட்டார்.

டிகால் விலகியபோது ஜான்சன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாகி விலகியபோது டாங்கி வந்தது. ஒரு கூட்டணி எப்படிப்பட்டது என்பது, அதில் சேரும் நாளில் தெரிவதில்லை. அதை விட்டு விலகும் நாளில்தான் தெரிகிறது.

திரும்பி வந்த பிரான்சு

டிகால் 1969-ல் பதவி விலகினார். 1970 நவம்பரில் காலமானார். 1991-ல் வார்சா அணி கலைந்தது. சோவியத் யூனியனும் மறைந்தது. ஆனால் நேட்டோ நிலைத்தது. பாஸ்னியா, கொசாவோ, ஆப்கானிஸ்தான் என்று நேட்டோ இறங்கிய இடங்களுக்கெல்லாம் பிரெஞ்சுப் படையும் போயிற்று.

இப்போது பழைய ஏற்பாடு பிரான்சுக்கே சங்கடமாயிற்று. பிரெஞ்சுச் சிப்பாய் களத்தில் உயிரைக் கொடுக்கிறான். ஆனால் களத்துக்கான திட்டம் தீட்டும் இடத்தில் பிரான்சின் குரல் போதிய அளவு இல்லை! சுதந்திரத்துக்காக வெளியேறிய நாடு, பிறர் போட்ட திட்டத்தின்படி நடக்க வேண்டியிருந்தது.

1995-ல் ஜனாதிபதி சிராக் பாதி வழி திரும்பினார். 2009 மார்ச்சில் ஜனாதிபதி சர்க்கோசி, பிரான்சு மீண்டும் கூட்டுத் தலைமையில் சேரும் என்று அறிவித்தார். டிகாலின் பெயரைச் சொல்லிப் பலர் எதிர்த்தார்கள். ஆயினும் பார்லிமெண்டில் அரசாங்கம் வெற்றி பெற்றது. 43 ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்சு பழைய பந்தியில் வந்து உட்கார்ந்தது. அமெரிக்காவின் நார்போக் நகரில் இருக்கும் நேட்டோவின் பெரிய தலைமையகம் ஒன்றுக்குப் பிரெஞ்சுத் தளபதி ஒருவர் தலைவர் ஆனார்.

ஒன்றை மட்டும் பிரான்சு விட்டுக்கொடுக்கவில்லை. அதன் அணுகுண்டுச் சாவி அதன் கையிலேயே இருந்தது. நேட்டோவின் அணு ஆயுதத் திட்டக் குழுவில் அது சேரவில்லை. டிகால் சம்பாதித்ததில் மிச்சம் நின்றது அதுதான்.

2012-ல் ஜனாதிபதி ஒல்லாந்து, திரும்பி வந்தது சரிதானா என்று ஆராயும்படி மாஜி வெளிநாட்டு மந்திரி வெத்ரினைக் கேட்டார். மறுபடி வெளியேறுவதால் பயன் இல்லை. உள்ளே இருந்து குரலை உயர்த்துவதே நல்லது என்று அவர் அறிக்கை கொடுத்தார்.

நடுத்தூணே நகர்ந்தால்?

இந்தக் கணக்குக்குப் பிற்காலத்தில் புது அவசரம் வந்தது. 2024 மார்ச்சில் ஸ்வீடன் சேர்ந்தபோது நேட்டோவில் 32 நாடுகள் ஆயின. வெளியே நின்றவர்கள் உள்ளே வரும் அதே காலத்தில், அமெரிக்காவிலேயே "நாம் ஏன் இதில் இருக்க வேண்டும்?" என்ற பேச்சு எழுந்தது. பிறருடைய பாதுகாப்புக்கு அமெரிக்கா ஏன் செலவு செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய வாதம்.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ, பார்லிமெண்டின் தனிச் சட்டமோ இல்லாமல், ஜனாதிபதி தாமாக நேட்டோவை விட்டு விலகக் கூடாது என்று அது சொல்கிறது.

பிரான்சு செய்ததை அமெரிக்காவும் செய்யலாமே என்று தோன்றலாம். இரண்டும் ஒன்றல்ல.

பிரான்சு விலகியபோது கூரை நின்றது. காரணம், நடுத்தூண் நின்றது. அந்தத் தூண் அமெரிக்கா. தூணே நகர்ந்தால், கூரைக்குக் கீழே ஒதுங்க இடம் இருக்காது. மிச்சமிருப்பவர்கள் அவசர அவசரமாகப் புதுத் தூண் நட வேண்டும். பணம் வேண்டும். படை வேண்டும். அணுகுண்டு இல்லாத நாடுகள், "நமக்கும் ஒன்று வேண்டுமோ?" என்று எண்ணத் தொடங்கும்.

தூணுக்கும் நஷ்டம் உண்டு. செலவு குறையலாம். பிறர் சண்டையில் இழுபடும் அபாயமும் குறையலாம். ஆனால் தளங்கள், துறைமுகங்கள், வான்வழிகள், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் நண்பர்கள் இவற்றை ஒரு கடிதத்தில் இழக்கலாம். திரும்பச் சம்பாதிக்கப் பல்லாண்டு ஆகும். பிரான்சுக்கு 43 ஆண்டுகள் ஆயின.

பெரிய நாடு கூட்டணியை விட்டு விலகுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. போன பிறகு பாதுகாப்புக்கு யார் பணம் கொடுப்பது? போனவருடைய சுமை யார் தலையில் விழும்? நாளை திரும்ப வேண்டுமானால் கதவு திறந்திருக்குமா?

டிகால் இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டுதான் கடிதம் எழுதினார். அதனால்தான் ஒப்பந்தத்தைக் கிழிக்காமல் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பாரீசில் நேட்டோ காலி செய்த கட்டிடம் வீணாகவில்லை. 1968-ல் அங்கே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. தளபதிகளும் மந்திரிகளும் நடமாடிய கூடங்களில், மாணவர்கள் பொருளாதாரமும் வாணிப நிர்வாகமும் படிக்கிறார்கள். வரவையும் செலவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லித் தரும் படிப்பு அது.